மழைக்காலத்திலும் நமத்துப்போகாத தீபாவளி பிஸ்கட்: பினாங்குக் காற்றுக்கு ஏற்ற பாதுகாப்பு முறைகள்

ஜார்ஜ்டவுன் சூலியா தெருவிலும் அதை ஒட்டிய லிட்டில் இந்தியா கடைகளிலும் தீபாவளிக்கு மூன்று, நான்கு வாரங்கள் இருக்கும்போதே நெய், கோதுமை மாவு, முந்திரி, பொடித்த சீனி ஆகியவற்றின் விற்பனை சூடுபிடித்துவிடும். வேலைக்குப் போகும் பெண்கள் வார இறுதியில்தான் பலகாரம் செய்ய முடியும் என்பதால், பல வீடுகளில் பண்டிகைக்கு இரண்டு வாரத்திற்கு முன்பே பிஸ்கட் சுட்டு முடித்துவிடுகிறார்கள். திறந்த இல்ல உபசரிப்பு பண்டிகைக்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் நீளும். ஆக, வீட்டில் சுட்ட பிஸ்கட் ஒரு மாதத்திற்கு மேல் தாங்க வேண்டியிருக்கிறது.

சுட்ட அன்று கடித்தால் நொறுங்கும் பிஸ்கட், சரியாக வைக்காவிட்டால் நான்காம் நாளே நமத்துவிடும். நெய்யும் முந்திரியும் விற்கும் விலையில் இது சின்ன நட்டமல்ல. அக்கம்பக்கத்திலும் வேலையிடத்திலும் ஆர்டர் எடுத்து, போத்தல் கணக்கில் விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் தாய்மார்களுக்கோ, ஒரு முறை நமத்த பிஸ்கட் கொடுத்தால் அடுத்த ஆண்டு அந்த வாடிக்கையாளர் திரும்புவதில்லை.

காற்றில் இருக்கும் தண்ணீர்

சூலியா தெரு பினாங்கின் மிகப் பழைய தெருக்களில் ஒன்று. 1786ல் பிரான்சிஸ் லைட் தீவில் குடியேற்றத்தைத் தொடங்கியதும் வகுக்கப்பட்ட இத்தெருவுக்கு முதலில் மலபார் தெரு என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியர்களின் பெயர் பின்னர் நிலைத்தது. நாகூர் தர்கா இத்தெருவில் இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பகுதிக்குள் இந்தத் தெருவும் அடங்கும்.

இங்குள்ள பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. நடுவில் திறந்த முற்றம், முன்னால் ஐந்தடி நடைபாதை, சிறிது தூரத்தில் கடல். காற்றோட்டத்திற்கு நல்ல அமைப்பு, பிஸ்கட்டுக்கு அல்ல. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் தீவில் மழை மிகுந்த மாதங்கள். நவம்பரிலும் மழை உண்டு. தீபாவளி வருவதோ அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில். அதாவது, ஆண்டிலேயே காற்று மிக ஈரமாக இருக்கும் நாட்களில்தான் தமிழர் வீடுகளில் மிக அதிகமாகப் பிஸ்கட் சுடப்படுகிறது.

சுட்டு ஆறிய மொறுமொறு பிஸ்கட்டில் ஈரம் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடுதான். சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரை அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். சீனிக்கும் மாவுக்கும் தண்ணீரை ஈர்க்கும் தன்மை உண்டு. இன்னும் மூன்று விழுக்காடு ஈரம் ஏறினாலே மொறுமொறுப்பு போய்விடும். அரைக் கிலோ பிஸ்கட்டுக்கு இது 15 கிராம் தண்ணீர், அதாவது மூன்று தேக்கரண்டி.

கேக் காயும், பிஸ்கட் நமக்கும்

ரொட்டி பழசானால் கெட்டியாகிறது, கேக்கும் அப்படித்தான். பிஸ்கட் பழசானால் மென்மையாகிறது. இந்த வேறுபாடு ஒருமுறை வழக்கு வரை போனது. ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் கேக்கா, சாக்லேட் பூசிய பிஸ்கட்டா என்ற வரித் தகராறு 1991ல் பிரிட்டனில் தீர்ப்பாயத்துக்கு வந்தது. பழசானால் அது பிஸ்கட்டைப் போல நமக்காமல் கேக்கைப் போலக் கெட்டியாகிறது என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது. அது கேக்தான் என்று முடிவானது.

சமையலறைக்கும் இதில் பாடம் உண்டு. ரொட்டியிலும் கேக்கிலும் உள்ள ஈரம் வெளியே போகாமல் காக்க வேண்டும். மொறுமொறு பிஸ்கட்டில் வெளியே உள்ள ஈரம் உள்ளே வராமல் காக்க வேண்டும். இரண்டையும் ஒரே டின்னில் வைத்தால் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய், இரண்டுமே கெடும்.

எந்தப் பிஸ்கட் எவ்வளவு தாங்கும்?

பிஸ்கட்டின் ஆயுள் டின்னில் அல்ல, மாவு பிசையும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

நம் வீடுகளில் தீபாவளிக்குச் செய்யும் நெய் பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளலாம். மாவை வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து, பொடித்த சீனியும் நெய்யும் சேர்த்து உருட்டிச் சுடுகிறோம். முட்டை இல்லை, பால் இல்லை, தண்ணீர் இல்லை. வறுக்கும்போதே மாவின் ஈரம் போய்விடுகிறது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் உண்டு; உருக்கிய நெய்யில் ஏறக்குறைய இல்லை. அதனால்தான் நெய் பிஸ்கட் மற்றவற்றைவிட அதிக நாள் தாங்குகிறது. பாட்டிமார் மாவை வறுக்கச் சொன்னது மணத்திற்காக மட்டுமல்ல.

முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி சேர்த்துச் செய்யும் தூத்துக்குடி மக்ரூன் இதற்கு நேர்மாறு. அதில் பெரும்பகுதி சீனி. உள்ளே காற்று நிறைந்த நுரை. ஈரக் காற்றில் சிறிது நேரம் திறந்து வைத்தாலே பிசுபிசுக்கும். கார்ன்ஃபிளேக்ஸ் பிஸ்கட்டும் இப்படித்தான். தேன் சேர்த்துச் செய்தால் இன்னும் விரைவில் நமக்கும். தேனும் பழுப்புச் சீனியும் வெள்ளைச் சீனியைவிட ஈரத்தை அதிகம் பிடித்து வைப்பவை.

அன்னாசி தார்ட் தனி வகை. நடுவில் இருக்கும் ஜாமின் ஈரம் வெளிமாவுக்குப் பரவும். ஜாமை நன்றாகச் சுருளக் கிளறி, கையில் உருட்டினால் ஒட்டாத பதத்திற்கு வற்றவைக்காவிட்டால் சில நாட்களிலேயே மாவு தளர்ந்துவிடும். பூஞ்சணமும் முதலில் அங்கேதான் பிடிக்கும். கச்சான் பிஸ்கட்டும் முந்திரி, பாதாம் சேர்த்தவையும் நமப்பதைவிட, அவற்றின் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதால்தான் விரைவில் கெடும்.

எனவே பண்டிகைக்கு முன்னால் முதலில் நெய் பிஸ்கட், அடுத்து வெண்ணெய் பிஸ்கட், கடைசி வாரத்தில் கச்சான், கார்ன்ஃபிளேக்ஸ் வகைகள், எல்லாவற்றுக்கும் பின் அன்னாசி தார்ட் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் விருந்து நாளில் எல்லாமே நல்ல பதத்தில் இருக்கும். வீட்டில் சுட்ட பிஸ்கட்டுக்கு வெளியில் 2 முதல் 3 வாரம் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் பொதுக் கணக்கு. நம் ஈரக் காற்றில் அதைப் பெறவே மூடி நல்லதாக இருக்க வேண்டும்.

ஓவனிலிருந்து டின்னுக்கு

மேலே சிவந்து உள்ளே வேகாத பிஸ்கட் தன் ஈரத்தாலேயே நமக்கும். அதிகச் சூட்டில் அவசரமாகச் சுடுவதைவிட, 150 முதல் 160 டிகிரி செல்சியஸில் நிதானமாகச் சுடுவது நல்லது. ஒரே தட்டில் எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்த்து, நடுவில் மாவு நிறம் மாறி ஈரமாகத் தெரிந்தால் இன்னும் சில நிமிடம் வைக்க வேண்டும்.

அடுத்தது ஆறவைப்பது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சூடான பிஸ்கட்டிலிருந்து நீராவி வந்துகொண்டே இருக்கும். இளஞ்சூட்டில் டின்னில் போட்டு மூடினால் அந்த ஆவி மூடியின் உள்பக்கம் துளியாகிப் பிஸ்கட் மேலேயே விழும். கம்பித் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, தொட்டால் சூடே தெரியாதவரை ஆறவைக்க வேண்டும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும்.

அதே சமயம், ஆறட்டும் என்று இரவு முழுவதும் மேசையில் விட்டுவிடக்கூடாது. ஆறிய நொடியிலிருந்தே பிஸ்கட் ஈரம் இழுக்கத் தொடங்கும். மழை கொட்டும் மாலையில் சுட்டால், ஓவனை அணைத்து, கதவைச் சிறிது திறந்தபடி அதற்குள்ளேயே ஆறவிடலாம். அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் கேத்தலில் தண்ணீர் காயும்போதும் பிஸ்கட்டை அதே சமையலறையில் பரப்பி வைக்கக்கூடாது.

டின், போத்தல், மூடி

பிஸ்கட்டைக் காப்பது மூடிதான் என்பதைத் தொழிற்சாலைகள் பழங்காலத்திலேயே கண்டுகொண்டன. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜோசஃப் ஹன்ட்லி 1822ல் பிஸ்கட் கடை தொடங்கினார். அவருடைய மகன் நடத்திய இரும்புச் சாமான் கடையில் அதற்கான தகர டின்கள் செய்யப்பட்டன. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் நமக்காமல் கடல் கடந்து உலகெங்கும் போனது அந்த டின்களால்தான். நம் நாட்டு மளிகைக் கடைகளில் சதுரத் தகர டின்னில் வைத்து நிறுத்துக் கொடுத்த பிஸ்கட்டைத் தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல். இதில் நல்லதும் உண்டு, காற்றுப் புகுவதும் உண்டு. சோதிக்க எளிய வழி: வெறும் போத்தலை இறுக மூடி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மூடி ஓரத்தில் குமிழி வந்தால் அந்தப் போத்தல் பிஸ்கட்டுக்கு உதவாது. அல்லது மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்ட வேண்டும். சோதித்த பின் வெயிலிலோ மின்விசிறியின் கீழோ போத்தலை முழுவதும் காயவைப்பது முக்கியம். ரப்பர் வளையமுள்ள கண்ணாடிச் சாடியும் இறுக்கமான தகர டின்னும் இன்னும் சிறந்தவை. பிளாஸ்டிக் பையை மட்டும் நம்பக்கூடாது.

அடிக்கடி மூடியைத் திறப்பதால்தான் பிஸ்கட் நமக்கிறது என்று பலர் பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறார்கள். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கிறது. 2 லிட்டர் போத்தலுக்குள் ஒரு முறை புகும் காற்றில் 0.04 கிராம்தான் இருக்கும். அரைக் கிலோ பிஸ்கட் நமக்கத் தேவையான 15 கிராம் ஈரம் இப்படிச் சேர வேண்டுமானால் முந்நூறு தடவைக்கு மேல் திறக்க வேண்டும். உண்மையான குற்றவாளிகள் மூன்று: இறுக்கமில்லாத மூடி, மூட மறந்த போத்தல், விருந்தாளிக்காகத் தட்டில் பரப்பி மாலை வரை வைத்துவிட்டு மீண்டும் போத்தலில் கொட்டிய பிஸ்கட்.

கடைசியாகச் சொன்னது மிக மோசம். தட்டில் ஈரம் இழுத்த பிஸ்கட், போத்தலில் இருக்கும் நல்ல பிஸ்கட்டுக்கும் அந்த ஈரத்தைக் கொடுக்கும். மிஞ்சியதைத் தனி டப்பாவில் போட்டு முதலில் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். பெரிய போத்தல் ஒன்றைவிடச் சிறிய போத்தல்கள் நான்கு நல்லது. ஒன்று காலியான பின் அடுத்ததைத் திறக்கலாம்.

ஒவ்வொரு வகையும் தனிப் போத்தலில் இருக்க வேண்டும். நெய் பிஸ்கட்டோடு அன்னாசி தார்ட்டைச் சேர்த்து வைத்தால் ஒரு வாரத்தில் நெய் பிஸ்கட் தளர்ந்துவிடும். முறுக்கோடு வைத்தால் பிஸ்கட்டில் ஓமமும் எண்ணெயும் மணக்கும்.

எண்ணெய் உறிஞ்ச அடியில் செய்தித்தாள் விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அச்சு மை உணவில் ஒட்டும் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2016ல் செய்தித்தாளில் உணவு பொதிவதற்கு எதிராக அறிவுறுத்தியது. பேக்கிங் தாளோ சமையலறைத் தாளோ விரிக்கலாம்.

எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் போத்தலை நிறுத்துபவர்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரும் ஆவியாகி ஈரம் கூட்டும்.

ஈரம் உறிஞ்சும் பொருட்கள்

கடைகளில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போத்தலுக்குள் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட வெள்ளை வகையை மட்டும் வாங்க வேண்டும். ஈரமானால் நிறம் மாறும் நீல வகையில் கோபால்ட் சேர்க்கப்பட்டிருக்கும். அது உணவோடு இருக்கக்கூடாது. காலணிப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வந்த பொட்டலங்களை மறுபடி பயன்படுத்தக்கூடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பொட்டலம் உள்ளே இருப்பதைப் போத்தலின் மேல் எழுதி வைப்பது நல்லது.

ஆக்சிஜன் உறிஞ்சி என்று விற்கப்படும் பொட்டலம் வேறு. அது சிக்கு வாடையைத் தள்ளிப்போடும், ஈரத்தை எடுக்காது. நமக்காமல் இருக்க அதை வாங்கினால் பயனில்லை.

இரண்டும் கிடைக்காத இடத்தில், ஒரு கைப்பிடி அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, முழுவதும் ஆறிய பின் சுத்தமான துணியில் முடிந்து போத்தலின் அடியில் வைக்கலாம். ஓரளவு உதவும். எதை வைத்தாலும் ஓட்டை மூடியை அது ஈடுகட்டாது.

நடுவில் மெத்தென்று இருக்க வேண்டிய குக்கீஸுக்கு மட்டும் முறை தலைகீழ். ஒரு துண்டு ரொட்டியைக் கூட வைத்தால் ரொட்டியின் ஈரம் குக்கீஸுக்குப் போய் அது மென்மையாகவே இருக்கும். ரொட்டியைத் தினமும் மாற்ற வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

மொறுமொறு பிஸ்கட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி வெளியே எடுப்பது கெடுதல். பினாங்கின் காற்றில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள்மீதும் நீர் துளிர்க்கும். 4 டிகிரியில் இருந்த பிஸ்கட்டை வெளியே எடுத்துத் திறந்தால், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் வியர்ப்பதைப் போல அதன் மேலும் ஈரம் படியும். சம்பல், மீன் வாடையையும் வெண்ணெய் உடனே பிடித்துக்கொள்ளும்.

உறைபெட்டி நல்ல வழி. சுட்ட பிஸ்கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து உறையவைத்தால் பல மாதம் தாங்கும். எடுத்த பின் மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்திற்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது நீர் டப்பாவின் வெளிப்பக்கம்தான் படியும். வெண்ணெய் பிஸ்கட் மாவையே உருட்டி உறையவைத்து, விருந்துக்கு முந்திய நாள் சுட்டுக்கொள்வதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி.

தோட்ட வீடுகளிலும் தகரக் கூரை வீடுகளிலும் பகலில் சூடு கூடும். அங்கே கூரைக்கு அருகில் உள்ள மேல்தட்டிலும் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலும் பிஸ்கட்டை வைக்காமல், வெயில் படாத கீழ் அலமாரியில் வைக்க வேண்டும். சூடும் வெளிச்சமும் கொழுப்பை விரைவில் கெடுக்கும்.

நமத்துப்போனால், கெட்டுப்போனால்

நமத்த பிஸ்கட் கெட்ட பிஸ்கட் அல்ல. ஓவனை 150 டிகிரிக்குச் சூடாக்கி, 5 முதல் 8 நிமிடம் வைத்து எடுத்து முழுவதும் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். ஏர் ஃபிரையரில் இன்னும் குறைந்த சூட்டில் மூன்று, நான்கு நிமிடம் போதும். சூடாக இருக்கும்போது மென்மையாகத்தான் இருக்கும். ஆறிய பின்தான் இறுகும். மைக்ரோவேவ் இதற்குச் சரிவராது. ஜாம், சாக்லேட் உள்ளவற்றுக்கும் இம்முறை பொருந்தாது.

சிக்கு வாடை வேறு. பழைய எண்ணெய் மணமும் நாக்கில் காறலும் தெரிந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது. மறுபடி சுட்டாலும் போகாது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சணம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் அது பரவியிருக்கும். கச்சான் சேர்ந்த பிஸ்கட்டில் சிலவகைப் பூஞ்சணம் ஈரலைப் பாதிக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். காசு போட்டு வாங்கிய நெய் என்று யோசிக்காமல் போத்தலோடு கொட்டிவிட வேண்டும்.

விற்பவர்கள் கவனத்திற்கு

வீட்டிலிருந்து விற்பவர்களுக்கும் உணவுச் சட்டங்கள் உண்டு. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளுபவர்கள் பயிற்சி பெற்று, டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பொட்டலமிட்ட உணவின் மேல் பொருளின் பெயர், சேர்க்கைப் பொருட்கள், எடை, தயாரித்தவரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கூறுகின்றன. கச்சான், முந்திரி, முட்டை, பால் சேர்ந்திருந்தால் தெளிவாக எழுத வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

சுட்ட தேதியை எழுதி ஒட்டுவதும், ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு சிறு போத்தலை வீட்டிலேயே நிறுத்தி வாரம் ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். எத்தனையாவது நாளில் நமக்கிறது, எப்போது வாடை மாறுகிறது என்று குறித்து வைத்தால், தம் சமையலறையில், தம் போத்தலில் அந்தப் பிஸ்கட் எத்தனை நாள் தாங்கும் என்பது ஓராண்டிலேயே தெரிந்துவிடும். அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கும்போது வாடிக்கையாளரிடம் அந்த நாள் கணக்கைத் துணிந்து சொல்லலாம்.